குங்கிலியம் வைத்து அடைத்த சேம்பர்

1925-ஆம் வருஷம் நவம்பர் மாதம் 11-ஆம் தேதி, புதன்கிழமை. காலை ஏழு மணி பத்து நிமிஷம். முதல்நாள் இரவு பெய்த மழை விட்டிருந்தது. ஆனால் மலை முழுவதும் மேகத்துக்குள் இருந்தது. அடிவாரத்துப் புளியமரங்கள் வரைக்கும்தான் கண்ணுக்குத் தெரிந்தன. காற்று இல்லை. போடிநாயக்கனூரில் முதலாளியின் கொட்டகையிலிருந்து நாங்கள் நாலு பேர் மோட்டாரில் புறப்பட்ட நேரம் அது. மணி முதலாளியின் பைக்கடிகாரத்தில் பார்த்தது. அது நாளைக்கு மூன்று நிமிஷம் பிந்தும் கடிகாரம். ஆகவே ஒன்றிரண்டு நிமிஷம் முன்பின் இருக்கலாம்.

இதை இப்போது எழுதக் காரணம், போன மாதம் இங்கே ஒரு பஸ் கொட்டகையில் நடந்தது. விரிசல் விட்ட ஆயில் சேம்பர் ஒன்றில் ஏதோ வெளிநாட்டுப் பசையைத் தடவி வெயிலில் காய வைத்திருந்தார்கள். சேம்பர் என்பது எஞ்சினுக்கு அடியில் எண்ணெய் தங்குகிற தொட்டி. அதில் எண்ணெய் வற்றினால் எஞ்சின் உள்ளுக்குள்ளேயே உருகிப் பிடித்துக்கொள்ளும். "பெரியவரே, இந்த ஒட்டு நிக்குமா? பாத்துச் சொல்லுங்க" என்று ஒரு டிரைவர் கேட்டான். ஏழெட்டுப் பேர் சுற்றி நின்றார்கள். ஒட்டியவனும் அவர்களில் ஒருவன். நான் பதில் சொல்லாமல் குடையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். கிழவனுக்குக் காது போய்விட்டது என்று பின்னால் யாரோ சொன்னார்கள். காது நன்றாகத்தான் இருக்கிறது.

எங்கள் குடும்பம் பாத்திர வேலைக் குடும்பம். பித்தளையும் செம்பும் தட்டிப் பிழைத்தவர்கள். நான் ஒருவன்தான் நாலாம் பாரம் வரை படித்தேன். பிறகு மதுரையில் ஒரு மோட்டார்ப் பட்டறையில் மூன்று வருஷம் கழுவினேன், துடைத்தேன், திட்டு வாங்கினேன், ஓட்டவும் பிரிக்கவும் கற்றேன். இருபத்திரண்டாவது வயதில் போடிக்கே வந்து ஓர் ஏலக்காய் முதலாளியிடம் டிரைவராகச் சேர்ந்தேன். சம்பளம் இருபத்தெட்டு ரூபாய். மதுரையைப் பற்றிச் சொல்ல இவ்வளவுதான் உண்டு.

முதலாளியின் வண்டி, ஊருக்குத் திரும்பிய ஒரு தோட்டத்துத் துரையிடமிருந்து வாங்கியது. அப்போதே அதற்குப் பதின்மூன்று வயது. பித்தளை விளக்கு, கான்வாஸ் கூரை, கையால் சுற்றிக் கிளப்ப வேண்டிய எஞ்சின். அதைப் பார்த்துக்கொள்ள தாவூது மேஸ்திரி என்பவரை முதலாளி திண்டுக்கல்லிலிருந்து வரவழைத்து வைத்திருந்தார். நான் அவருக்குக் கீழே.

மேஸ்திரியைப் பற்றி நிதானமாகச் சொல்ல வேண்டும். நாற்பத்தைந்து வயது இருக்கும். சட்டைப் பையில் எப்போதும் ஒரு வெள்ளை மல் துணி வைத்திருப்பார். எண்ணெயைத் தொட்டால் முதலில் முகர்ந்து பார்ப்பார், பிறகு அந்தத் துணியில் ஒரு சொட்டு வைத்து அது பரவுவதைப் பார்ப்பார். ஒரு வேலை முடிந்தால் 'சரியாகிவிட்டது' என்று சொல்ல மாட்டார். "இன்னிக்கு நிக்குது" என்பார். எந்த ரிப்பேருக்கும் அவரிடம் மூன்று சோதனை உண்டு. வண்டி ஆறிக் கிடக்கும்போது ஒன்று, சூடாக இருக்கும்போது ஒன்று, பாரம் ஏற்றி மேட்டில் ஒன்று. மூன்றில் ஒன்று குறைந்தாலும் சாவியை ஆணியிலிருந்து எடுக்க மாட்டார். இன்னொரு வழக்கமும் உண்டு. வேறொருவன் செய்த வேலையைப் பற்றி வாயைத் திறக்க மாட்டார். நல்லது என்றும் சொல்ல மாட்டார், கெட்டது என்றும் சொல்ல மாட்டார். பிரித்துப் பார்ப்பார், அவ்வளவுதான். என்னைத் 'தம்பி' என்று கூப்பிடுவார். அந்தக் குரலில் அந்த ஒரு வார்த்தைக்காக நான் மழையில் நனைந்துகொண்டு சக்கரம் மாற்றியிருக்கிறேன்.

அந்த வருஷம் தீபாவளி கழிந்து பத்தாம் நாள், ராசிங்காபுரம் பக்கம் ஓர் ஓடையைக் கடக்கும்போது சேம்பரில் கல் அடித்தது. நாலு அங்குல விரிசல். மேஸ்திரி பார் சோப்பைப் பிசைந்து அதில் திணித்தார். மெதுவாக ஊர் வந்து சேர்ந்தோம். அந்தச் சேம்பர் அலுமினிய வார்ப்பு. புதிதுக்கு பம்பாய்க்கு எழுதிப் போட்டால் வந்து சேர ஆறு வாரம் ஆகும் என்றார் மேஸ்திரி.

முதலாளிக்கு ஆறு வாரம் இல்லை. அடிவாரம் தாண்டி மூன்று மைல் தூரம் சரிவில் ஏறிப் போகும் மண் சாலை ஒன்று உண்டு, மாட்டுவண்டிக்காகப் போட்டது. அது முடிகிற இடத்தில் அவருடைய கிட்டங்கி, சரக்கு அடுக்கி வைக்கும் இடம். அதற்கு மேலே கோவேறு கழுதையும் தலைச்சுமையும்தான். மேலிருந்து ஏலக்காய் இறங்கி வந்து எடை போடுகிற நாள் பதினொன்றாம் தேதி என்று குத்தகைக்காரர்களுக்குச் சொல்லி அனுப்பியாகிவிட்டது. முதலாளிக்கு முழங்கால் வலி, மாட்டுவண்டியில் குலுங்கிப் போக முடியாது. ஆகவே அவர் சேம்பரை ஒரு சாக்கில் சுற்றி, பஜாரில் பாத்திர வேலைக்குப் பேர் போன முத்தையா ஆசாரியிடம் கொடுத்தனுப்பினார்.

முத்தையா ஆசாரி என் மச்சான். என் அக்கா காமாட்சியின் வீட்டுக்காரர்.

நல்ல கை அவருக்கு. அவர் தட்டிய குடத்தில் சுத்தியல் தழும்பு வரிசையாக, மழை விழுந்த மணல் மாதிரி இருக்கும். ஆனால் தொழில் படுத்திருந்தது. பஜாரில் அலுமினியப் பாத்திரம் வந்து இறங்கிவிட்டது. மலிவு, ஈயம் பூச வேண்டாம், கீழே விழுந்தால் நசுங்கும், தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்கிக்கொள்ளலாம். வீட்டில் மூன்று பெண்பிள்ளைகள். முதலாளி அவரிடம் ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியிருந்தார். இந்தச் சேம்பர் மலை ஏறி இறங்கிவிட்டால், ஏலக்காய் உலர்த்தும் அறைகளுக்கு வருஷா வருஷம் புகைக்குழாய் அடிக்கிற வேலை முத்தையாவுக்கு. பதினாறு அறை. ஒரு குடும்பம் அதை வைத்தே வருஷம் முழுக்கச் சாப்பிடலாம்.

அலுமினியத்தில் ஈயம் பிடிக்காது. மச்சானுக்கு அது நன்றாகத் தெரியும். அவர் செய்தது இது. வெளிப்புறம் ஒரு செம்புத் தகட்டை வளைத்துப் பொருத்தி, பதினாறு செம்பாணி வைத்து முறுக்கினார். தகட்டுக்கும் சேம்பருக்கும் நடுவே நூல் பஞ்சைக் குங்கிலியத்தில் தோய்த்து அடைத்தார். குங்கிலியம் மலை மரத்துப் பிசின். அதை நல்லெண்ணெயில் காய்ச்சிப் பதமாக எடுத்தால் கல் மாதிரி இறுகும். எங்கள் பக்கத்தில் எண்ணெய்க் குடம், எண்ணெய்ச் சால், செக்கின் விரிசல் எல்லாவற்றையும் அப்படித்தான் அடைப்பார்கள். இருபது வருஷம் எண்ணெய் நின்றாலும் கசியாது. எண்ணெய்ப் பாத்திரம் என்று சொல்லி அவர் கையில் கொடுத்தார்கள். எண்ணெய்ப் பாத்திரத்துக்கு உண்டானதை அவர் செய்தார்.

ஒன்பதாம் தேதி சேம்பரை மாட்டினோம். எண்ணெய் ஊற்றி, வண்டிக்கு அடியில் என் வெள்ளைத் துண்டை விரித்தேன். மறுநாள் காலை பார்த்தபோது ஒரு சொட்டும் இல்லை. சிலமலை வரை ஓட்டிப் போய்த் திரும்பி வந்து மறுபடி விரித்தேன். அப்போதும் இல்லை. அது சமதளம், குளிர்ந்த காலை, வெறும் வண்டி. எஞ்சின் கைபொறுக்கும் சூட்டுக்கு மேல் போகவே இல்லை. மேஸ்திரி தகட்டின் ஓரத்தை நகத்தால் சுரண்டி முகர்ந்து பார்த்தார். என்னைப் பார்த்தார்.

அன்று சாயங்காலம் முதலாளி கொட்டகைக்கு வந்தார். மச்சானும் வந்திருந்தார், வேட்டி சலவை. கிட்டங்கி ஆட்கள், பஜார் ஆட்கள் என்று பத்துப் பன்னிரண்டு பேர் வேடிக்கை பார்க்க வந்திருந்தார்கள். காலையில் கிளம்பலாமா என்று முதலாளி கேட்டார். மேஸ்திரி, எண்ணெயைக் கொப்பரையில் காய்ச்சிச் சூட்டோடு ஊற்றி ஒருதரம் பார்த்துவிட்டால் எல்லாருக்கும் நிம்மதி, ஒரு நாள் பொறுங்கள் என்று கேட்டுக்கொண்டார். குத்தகைக்காரர்கள் ஏற்கெனவே மலையிலிருந்து இறங்கிவிட்டதாக முதலாளி சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பி, ஓட்டுகிறவன் நீதானே, நீ என்ன சொல்கிறாய் என்றார்.

நான் சொன்னேன். "இது நிக்காதுங்க. மேட்டுல ஏறுனா எண்ணெய் கொதிக்கும். கொதிக்கிற எண்ணெயில குங்கிலியம் கரையும். குங்கிலியத்த எண்ணெயில காய்ச்சித்தானே பதமே பண்ணுறாங்க."

யாரோ ஒருவர் இருமினார். மச்சான் சிரித்தார்.

"மாப்ளே, ரெண்டு நாளா துண்ட விரிச்சு எண்ணிக்கிட்டிருந்தியே. எத்தனை சொட்டு விழுந்துச்சு?"

"ஒன்னும் விழல மச்சான்."

"நல்லா எண்ணுனியா? படிச்ச பய, கூட்டல் தப்பிருக்காதே."

எல்லாரும் சிரித்தார்கள். முதலாளியும் சிரித்தார். நான் அதோடு விட்டிருக்கலாம். சூட்டில் எண்ணெய் எப்படி இளகும், எத்தனை டிகிரியில் என்ன ஆகும் என்று பட்டறையில் கேட்டதையெல்லாம் வரிசையாகச் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்குப் புரிந்ததோ என்னவோ, முத்தையா ஆசாரியின் ஒட்டு நிற்காத ஒட்டு என்று அவருடைய மச்சினனே சொல்கிறான் என்பது மட்டும் புரிந்தது. மச்சானின் சிரிப்பு போய்விட்டது.

"சரி. நானும் காலையில வர்றேன்" என்றார். "வண்டிப் படிக்கட்டுல நின்னுக்கிட்டே வர்றேன். ஒழுகுனா என் கையாலயே அடைச்சுத் தாறேன்."

முதலாளிக்கு அது பிடித்திருந்தது. மேஸ்திரி வெள்ளைத் துணியை எடுத்து விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு அவர் சாவியை ஆணியிலிருந்து எடுக்கவில்லை. முதலாளி எடுத்து என்னிடம் கொடுத்தார்.

காலையில் நான் ஓட்டினேன். மேஸ்திரி என் பக்கத்தில், முதலாளி பின்னால், மச்சான் இடதுபக்கப் படிக்கட்டில் கூரைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு. அடிவாரம் தாண்டியதிலிருந்து அரை மைலுக்கு ஒருதரம் மேஸ்திரி நிறுத்தச் சொல்வார், இறங்கிக் குனிந்து பார்ப்பார். முதல் அரை மைலில் ஒன்றும் இல்லை. மச்சான் என் பக்கமாக எட்டிப் பார்த்து, "எண்ணு மாப்ளே, எண்ணு" என்றார். முகத்தில் பழைய சிரிப்பு திரும்பியிருந்தது. ஒரு மைலில் ஒன்றும் இல்லை. ஒன்றரை மைலிலும் இல்லை. உண்மையைச் சொல்கிறேன், அந்த இடத்தில் எனக்குள் ஒரு சந்தோஷம் வந்தது. நான் சொன்னது பொய்யாகட்டும், பதினாறு அறையும் இவருக்கு வரட்டும் என்று நினைத்தேன்.

ஒன்றரை மைலுக்கு அப்பால் சாலை செங்குத்தாகத் திரும்பும். முதல் கியரில், நடக்கிற வேகத்தில் ஏறினோம். மழையில் மண் இளகியிருந்தது, சக்கரம் வழுக்கி வழுக்கி எஞ்சின் முக்கியது. ரேடியேட்டர் மூடியிலிருந்து ஆவி வந்தது. அப்போது ஒரு வாசனை. கோயிலில் தூபம் போட்டால் வருமே, அதே வாசனை. மேகத்துக்குள் அது எங்களைச் சுற்றிச் சூழ்ந்தது.

"கருப்பன் கோயில்ல பூசை போடுறாங்க போலிருக்கு" என்று முதலாளி செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகூப்பினார். மேலே வளைவில் ஒரு கருப்பன் பீடம் உண்டு, ஆகவே அவர் நினைத்ததில் தவறில்லை.

நான் மச்சானைப் பார்த்தேன். குங்கிலியத்தின் வாசனை எங்கள் நாலு பேரில் அவருக்குத்தான் நன்றாகத் தெரியும். கரைந்து எண்ணெயோடு கசிந்து, புகைபோக்கிக் குழாயின் மேல் விழுந்து எரிகிறது. அவர் முகம் எப்படி ஆனது என்று எழுத எனக்குத் தெரியவில்லை. வண்டி நிற்பதற்குள் குதித்துவிட்டார்.

பிரேக்கை இழுத்தேன். மேஸ்திரி இறங்கிப் பின்சக்கரத்துக்கு ஒரு பக்கம் கல் வைத்தார், நான் மறுபக்கம் வைத்தேன். சரிவில் வண்டி நின்றால் அதுதான் முதல் வேலை. "யாரும் அடியில போக வேண்டாம், கால்மணி நேரம் ஆறட்டும்" என்று மேஸ்திரி சொன்னார். சொன்னபோதே மச்சான் மல்லாக்கச் சேற்றில் படுத்து உள்ளே நகர்ந்திருந்தார். கையில் ஈரக் களிமண்ணும் துண்டும்.

"மச்சான், வெளிய வாங்க."

"ரெண்டு ஆணிதான்டா தளந்திருக்கு. ஒரு அமுக்கு அமுக்குனா நின்னுக்கும். வெரசா இன்னொரு பிடி மண்ணு கொண்டா."

நான் மண்ணை எடுக்கவில்லை. அவர் காலைப் பிடித்து இழுக்கப் போனேன். அதற்குள் உள்ளங்கையை வைத்துத் தகட்டை மேல்நோக்கி அழுத்திவிட்டார். சூட்டில் அகன்ற துளைகளில் ஆணிகள் பிடிப்பு விட்டு வரிசையாகக் கழன்றன. தகடு ஒரு பக்கம் கதவு மாதிரி திறந்தது. சேம்பரில் இருந்தது மூன்றரைப் படி எண்ணெய், விளக்கெண்ணெய் கலந்தது. விளக்கெண்ணெய் சூட்டை விடாது, தோலையும் விடாது. அவ்வளவும் அவருடைய வலது கையிலும் முழங்கை வரையிலும் இறங்கியது. "ஆத்தா" என்று ஒருதரம்தான் சொன்னார்.

மேஸ்திரி தன் மல் துணியால் அந்தக் கையைத் தொடப் போய், தொடாமல் நிறுத்திக்கொண்டார். முதலாளி புது அங்கவஸ்திரத்தை எடுத்து நீட்டினார், பிறகு அதை என்ன செய்வது என்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தார்.

நான் கிட்டங்கிக்கு ஓடி ஒரு மாட்டுவண்டி கொண்டுவந்தேன். இறங்குவதற்கு இரண்டு மணி நாற்பது நிமிஷம் ஆனது. வைக்கோலில் சாய்ந்து, கையை நெஞ்சுக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி மச்சான் கண்ணை மூடிக் கிடந்தார். பாதி வழியில் கண்ணைத் திறக்காமலே கேட்டார்.

"எத்தனை சொட்டு மாப்ளே?"

நான் அவர் தலைக்குக் கீழே வைக்கோலைச் சரிசெய்தேன்.

ஆஸ்பத்திரியில் நாற்பத்தோரு நாள் இருந்தார். உயிருக்கு ஒன்றும் இல்லை. ஆனால் புண் ஆறும்போது தோல் சுருங்கி, விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டி உள்ளங்கைப் பக்கமாக மடங்கிவிட்டன. சுத்தியலைப் பிடிக்க முடியாது. முதலாளி கெட்டவர் இல்லை. கை சரியாகட்டும் என்று புகைக்குழாய் வேலையை அடுத்த வருஷ ஐப்பசி வரைக்கும் யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்தார். பிறகு வேறொருவருக்குக் கொடுத்தார். அதில் அவரைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

நான் சொன்னது ஒவ்வொன்றும் சரியாக நடந்தது. எண்ணெய் கொதித்தது, குங்கிலியம் கரைந்தது, மேட்டில்தான் கரைந்தது. அதற்காக ஒருவரும் என்னைப் பாராட்டவும் இல்லை, வையவும் இல்லை. ஆஸ்பத்திரி வாசலில் அக்கா மட்டும் ஒருநாள் சொன்னாள். "கொட்டகையிலருந்து வந்து அன்னிக்கு ராத்திரி அவரு சாப்பிடலடா. பிள்ளைககிட்டயும் பேசல. காலையில கஞ்சி ஊத்தினேன், அதையும் தொடல. வெறும் வயித்தோடதான் வண்டியேறுனாரு." சொல்லிவிட்டுத் தூக்குப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மேஸ்திரி அந்தச் சேம்பரைக் கழற்றி என்னைக் கொண்டே கழுவ வைத்தார். பம்பாயிலிருந்து புதிது வந்ததும் மாட்டினோம். ஆறியபோது பார்த்தோம், சூட்டில் பார்த்தோம், பாரம் ஏற்றி மேட்டில் பார்த்தோம். "இன்னிக்கு நிக்குது" என்றார். நடந்ததைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. ஆனால் அந்த மாதத்திலிருந்து என்னை அவர் 'டிரைவர்' என்றுதான் கூப்பிட்டார். அவர் திண்டுக்கல்லுக்குத் திரும்பும் வரை இன்னும் ஆறு வருஷம் சேர்ந்து வேலை பார்த்தோம். ஒருதரம்கூட 'தம்பி' வரவில்லை.

மச்சானுக்குப் பணமாகக் கொடுத்தால் வாங்க மாட்டார். அக்காவிடம் கொடுத்துப் பார்த்தேன், திருப்பி அனுப்பிவிட்டாள். எட்டு மாதம் கழித்து அவர் இடது கையால் பாத்திரங்களுக்கு ஈயம் பூசக் கற்றுக்கொண்டார். அக்கா துருத்தி ஊதுவாள். அவர் மடங்கிய வலது கையால் இடுக்கியை விலாவோடு அணைத்துப் பாத்திரத்தைப் பிடித்து, இடது கையில் பஞ்சை வைத்துத் தேய்ப்பார். ஒரு பாத்திரத்துக்கு இரண்டணா. நான் மாதம் தவறாமல் என் வீட்டிலிருந்து பத்துப் பாத்திரம் கொண்டுபோனேன். நல்ல ஈயம் ஒருதரம் பூசினால் ஆறு மாதம் இருக்கும். என் மனைவி முதலில் கேட்டாள், பிறகு கேட்பதை விட்டுவிட்டாள். பக்கத்து வீடுகளில் எல்லாம் அலுமினியத்துக்கு மாறியபோது எங்கள் வீட்டில் மட்டும் பித்தளை.

முதல் தடவை போனபோது மச்சான் ஒரு கும்பாவைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். உள்ளே ஈயம் வெள்ளி மாதிரி இருந்தது. அவருக்குத் தெரியாமல் இருக்குமா? என்னைப் பார்க்காமலே கேட்டார்.

"உங்க வீட்ல புளி ரொம்பச் சேக்குறீங்களோ மாப்ளே? ஈயத்த அரிச்சிருக்கு."

"ஆமா மச்சான். தெனம் புளிக்குழம்புதான்."

"குறைச்சுக்கங்க. வயித்துக்கு ஆகாது."

பிறகு அடுப்பில் கரியைத் தள்ளினார். அதற்கப்புறம் ஒவ்வொரு மாதமும் இதே கேள்வியை ஏதாவது ஒரு விதத்தில் கேட்பார், நானும் இதே பதிலைச் சொல்வேன். வேறு பேச்சு எங்களுக்குள் அதிகம் இல்லை. சேம்பரைப் பற்றி அவர் பேசவில்லை. ஒருதரம் மட்டும், அடுப்பில் வைத்த பாத்திரத்தைப் பார்த்துக்கொண்டே, "சூட்டுல கரையும்னு எனக்குத் தோணாமப் போச்சு பாரு" என்றார். நான் புளியைப் பற்றி ஏதோ சொல்லிப் பேச்சை மாற்றினேன்.

மச்சான் 1947-ஆம் வருஷம் காலமானார். நான் பாத்திரம் கொண்டுபோகத் தொடங்கியதிலிருந்து அதுவரை இருபது வருஷம் ஏழு மாதம், அதாவது இருநூற்று நாற்பத்தேழு மாதம். அதில் நான் காய்ச்சலில் கிடந்தது இரண்டு மாதம். மீதி இருநூற்று நாற்பத்தைந்து மாதம், மாதம் ஒன்றே கால் ரூபாய் வீதம் முந்நூற்று ஆறு ரூபாய் நாலணா. மாதா மாதம் சுரண்டித் தேய்த்து நெருப்பில் காட்டியதில் மூன்று பாத்திரங்கள் தேய்ந்து ஓட்டையாகிவிட்டன. அவற்றுக்குப் பதில் வாங்கியது இருபத்து நாலு ரூபாய் இரண்டணா. ஆக முந்நூற்று முப்பது ரூபாய் ஆறணா.